மறுபடி வரச் சொன்னால்

(கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும், மனைவிக்குத் துணையாக வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆண்களுக்கும் என் வணக்கம்.

மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பதை நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். மார்பக எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான், பரிசோதனைக்குப் போன பிறகு நடப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். “சந்தேகமாக இருக்கிறது, மறுபடி வாருங்கள்” என்று அழைக்கப்பட்டு, சில நாட்களோ சில வாரங்களோ உறக்கமில்லாமல் கழித்து, கடைசியில் நோய் எதுவும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்கள் ஏராளமானவர்கள். இல்லாத நோயை இருப்பதுபோலக் காட்டும் இந்த முடிவுக்குப் பொய் நேர்மறை முடிவு என்று பெயர்.

இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்களை உட்படுத்தி, 2006இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டு மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 2011இல் வெளியான முதற்கட்ட முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட 50,366 பேரில் 2,880 பேருக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று சொல்லப்பட்டது. அந்த 2,880 பேரில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 30 பேர். சந்தேகம் என்று குறிக்கப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் நோய். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள உங்கள் சொந்தக்காரப் பெண்களின் உடல்வாகும் உங்களுடைய உடல்வாகும் வேறல்ல என்பதால், இந்தக் கணக்கை உங்களுக்கும் உரியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பரிசோதனை செய்யப்பட்ட பிரிவில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 43.8 சதவீதத்தினருக்கு அது ஆரம்ப நிலையிலேயே தெரியவந்தது. பரிசோதனை செய்யப்படாத பிரிவில் அந்த அளவு 25.4 சதவீதம்தான். ஆகவே இந்த அலைச்சல் வீண்போகவில்லை. ஆனால் கைப்பரிசோதனை, இருந்த புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடித்தது. எனவே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்பட்ட பெண்ணும், பிறகு மார்பில் கட்டியோ தோல் சுருக்கமோ காம்பிலிருந்து இரத்தக் கசிவோ கண்டால், அடுத்த முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி எக்ஸ்ரேயான மாமோகிராமுக்கு வருகிறேன். மார்பகத்தில் கொழுப்பும் சுரப்புத் திசுவும் கலந்திருக்கின்றன. படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், சுரப்புத் திசு வெள்ளையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே தெரியும் என்பதுதான் எங்கள் சிரமம். சுரப்புத் திசு மிகுந்த அடர்ந்த மார்பகம் ஆசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; வயது குறையக் குறைய அடர்த்தியும் கூடும். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்த நோய் இன்னும் இளைய வயதிலேயே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும், பலருக்கு வருகிறது. ஆக, நாங்கள் தேட வேண்டிய வயதும், படம் தெளிவில்லாத வயதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் உப்புக் குவியலின்மேல் வந்து அமர்ந்த வெள்ளைக் கொக்கைத் தூரத்திலிருந்து தேடுவது போன்ற வேலை அது. கொக்கு இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். வெறும் உப்பே கொக்காகவும் தோன்றலாம். இரண்டு திசு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழல்கூடக் கட்டிபோல நிற்கும். அப்படிப்பட்ட இடத்தை மட்டும் மறுபடி அழுத்திப் படம் எடுத்தாலோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்த்தாலோ பெரும்பாலும் விஷயம் தெளிந்துவிடும்.

முதன்முறையாக எடுக்கும் படத்தில் இந்தத் தடுமாற்றம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாததே காரணம். நான்கு வருடமாக அதே இடத்தில் அதே அளவில் இருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தால் என் கை நிம்மதியாக அறிக்கை எழுதும். அதே புள்ளியை முதல்முறை பார்த்தால் அழைத்துத்தான் ஆக வேண்டும். நம் பகுதியில் ஒரு வருடம் நாகர்கோவிலில் படம் எடுத்துவிட்டு, அடுத்த முறை திருவனந்தபுரத்துக்குப் போகும் பெண்கள் அதிகம். பழைய படங்களையும் சி.டி.யையும் வீட்டிலேயே விட்டுவிட்டு அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவருகிறார்கள். படம் இல்லாத தாள் எங்களுக்கு அதிகம் உதவாது. ஆதார் அட்டையைப் பத்திரப்படுத்துவதுபோல அந்தப் படங்களையும் பத்திரப்படுத்தி, எந்த ஊருக்குப் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

அறிக்கையில் பைராட்ஸ் என்ற சொல்லும், படத்தில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணும் இருக்கும். 0 என்றால் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். 4, 5 என்றால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு நம் ஊரில் பலமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடுதான் உண்மையான கேடு.

அமெரிக்காவில் 2005 முதல் 2017 வரை பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் பரிசோதனைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். முதலிலேயே நோயில்லை என்று முடிவு வந்தவர்களில் 77 சதவீதத்தினர் அடுத்த பரிசோதனைக்குத் திரும்பி வந்தார்கள். பொய் நேர்மறை முடிவு வந்து, ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லப்பட்டவர்களில் 61 சதவீதத்தினரே திரும்பினார்கள். அங்கு வாழும் ஆசிய, ஹிஸ்பானிய வம்சாவளிப் பெண்களிடம் இந்தப் பின்வாங்கல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. காப்பீடும் காரும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

இங்கே அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்க்கும் ஓர் அக்காவை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. “டாக்டர் உடனே வரச் சொன்னார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. கூலியை விட்டு, கம்மலை அடகு வைத்து, மகளின் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுப் போனார். அது சாதாரண நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதன் பிறகு எந்த முகாமுக்கும் அவர் வரவில்லை. தங்கச்சி கூப்பிட்டபோது, “இனி என்னால அந்தத் தீயைத் தின்ன முடியாது” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழைத்தவர்கள் பேசிய விதமே அவரை விரட்டியது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே முகாம் நடத்துகிறவர்களையும், கிராம சுகாதார செவிலியர்களையும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பதற்கு முன்பே, “உங்களில் சிலரை மறுபடி அழைப்போம்; அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்காது” என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லுங்கள். போனில் அழைக்கும்போது, எந்தப் பரிசோதனைக்கு, எதற்காக, எவ்வளவு நேரமாகும், எவ்வளவு செலவாகும் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் அதே நாளில், அதே இடத்தில் ஸ்கேனையும் முடித்து அனுப்புங்கள். குழுத் தலைவிகள் மறுபடி அழைக்கப்பட்ட பெண்ணைத் தனியாக பஸ் ஏற விடாமல் ஒருவரை உடன் அனுப்ப வேண்டும். முடிவு நல்லதாக வந்த பிறகு, அடுத்த பரிசோதனை எந்த மாதம் என்பதை, அவர் விரும்பினால், குழுவின் நோட்டில் அவர் பெயருக்கு நேராக அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.