வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்

ஆசிரிய நண்பர்களே, வணக்கம். இணையம் இல்லாத வகுப்பில் காட்ட, இணையத்திலிருந்து பாடத்துக்கு வேண்டியதை எப்படிச் சேமித்து வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். நிலவின் பிறைகள் பற்றிய பாடம். முந்தின நாள் இரவு அருமையான ஒரு வலைப்பக்கம் கிடைத்தது. உலாவியில் ‘சேமி’ என்பதை அழுத்தி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் திறந்தால் தலைப்பு வந்தது, எழுத்தும் வந்தது. நிலவு சுற்ற வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறப் பெட்டி. பிள்ளைகள் அந்தப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்து ஒப்பேற்றினேன். உண்மையைச் சொன்னால் பாடம் அதில்தான் நன்றாகப் புரிந்தது, அது வேறு கதை.

நடந்தது இதுதான். நான் சேமித்தது பக்கத்தை மட்டும். அசைபடம் வேறொரு சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. வீட்டில் இணையம் இருந்ததால் ஓடியது. அதனால் எதைச் சேமித்தாலும் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். அதையும் வேறொரு கணினியில் செய்வது நல்லது. ஏற்கெனவே பார்த்தவற்றில் சிலவற்றை உலாவி தற்காலிகமாக வைத்திருக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஒரு காலத்தில் கிடைத்ததையெல்லாம் அள்ளி ஒரு ஹார்ட் டிஸ்க் முழுக்க நிரப்பி, ஆசிரியர் அறையில் பெருமையாக வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. கோபம் வந்தது. பிறகு நானே ஒருநாள் அவசரமாக மின்சுற்றுப் பாடத்துக்கு ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை! ஒரு பாடவேளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதற்குள் கைக்கு வராதது இருந்தும் இல்லாததுதான்.

அன்றிலிருந்து தேடுபொறியைத் திறப்பதற்கு முன் பாடத்திட்டத்தைத் திறக்கிறேன். ஒவ்வொரு பாடத்திலும் ஒரே கேள்வி: இதில் கரும்பலகைக்கும் என் வாய்க்கும் எட்டாதது எது? விதை முளைப்பது மெதுவாக நடக்கிறது. செல் பிரிவது கண்ணுக்குத் தெரியாது. சில வேதிவினைகளை வகுப்பில் செய்து காட்டினால் ஆபத்து. இந்த இடங்களுக்கு மட்டும் தேடுங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எதற்கு வீடியோ?

எடுத்ததோடு ஒரு சின்னக் குறிப்பும் இருக்கட்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம், எந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைக் கேட்கலாம். பன்னிரண்டு நிமிட வீடியோவில் நமக்கு வேண்டியது நான்காவது நிமிடத்திலிருந்து ஆறாவது வரை மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். வீடியோவைத் தேடியதைவிட அந்த ஒரு வரிதான் அதிக உழைப்பு. அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை எடுக்க வருபவருக்கும் அதுதான் உதவும்.

சரி, எதை வைத்துச் சேகரிப்பது? ஒரு தளத்தை அப்படியே நகலெடுக்க எச்டிடிராக் என்ற மென்பொருள் 1998 முதல் இருக்கிறது. எளிய தளங்களுக்கு நன்றாக வேலை செய்யும். எத்தனை இணைப்பு ஆழத்துக்குப் போகலாம் என்று வரம்பு போடாவிட்டால் பாதி உலகத்தை இழுத்துக்கொண்டு வரும். விக்கிப்பீடியா வேண்டுமென்றால் நகலெடுக்கவே வேண்டாம்; 2007-இல் தொடங்கிய கிவிக்ஸ் என்ற மென்பொருள் அதை ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது, உள்ளே தேடவும் முடியும். பாடவாரியாக அடுக்கிய வீடியோக்களும் பயிற்சிகளும் வேண்டுமானால் கோலிப்ரி என்ற மென்பொருள். ஒரு கணினியில் நிறுவினால், இணையமே இல்லாமல் வகுப்பிலுள்ள மற்றக் கருவிகள் அதனோடு வைஃபையில் சேர்ந்துகொள்ளும்.

அறிவியல் ஆசிரியர்கள் ஃபெட் பாவனைகளை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை, விட்டுவிடாதீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்கலத்தையும் பல்பையும் திரையில் இணைத்து, கம்பியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இப்போதைய பாவனை ஒவ்வொன்றும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது ஒரு வலைப்பக்கக் கோப்பு; இன்றைய உலாவிகளில் ஓடும். பழையவற்றில் பல, உலாவியில் அசைபடங்களை ஓட்டிய ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் இருந்தன. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷை நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட கோப்புகள் என்னிடம் ஒரு கோப்புறை நிறைய இருக்கின்றன, அழிக்க மனம் வரவில்லை. சேமித்ததும் ஒருநாள் செத்துப்போகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலவசமாகப் பார்க்க முடிவதால் நகலெடுக்க அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் குறி, அதாவது மற்றவர்கள் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டிக் கொடுக்கும் அனுமதி, இருக்கிறதா என்று பக்கத்தின் அடியில் பாருங்கள். ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. வணிகத்துக்குக் கூடாது என்பது இன்னொன்று. மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது என்றும் ஒன்று உண்டு. அதை மொழிபெயர்த்து மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. முகவரி, எடுத்த தேதி, உரிமம் மூன்றையும் கோப்பின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

கடைசியாகச் சில்லறைத் தொல்லைகள். பழைய பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் அமைப்பில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு அதில் ஏறாது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட் என்ற புதிய அமைப்புக்கு மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவையுங்கள், மாற்றும்போது எல்லாம் அழிந்துவிடும். முகப்புப் பக்கம் ஒன்று தயாரித்து இணைப்புகள் கொடுத்தால், அவை உங்கள் கணினியின் டிரைவ் எழுத்தில் (C:, D: போன்றவை) தொடங்கக் கூடாது. அடுத்த கணினியில் ஒன்றும் திறக்காது.

உங்களைப் பென்டிரைவோடு வரச் சொல்லியிருந்தேன். இப்போது எல்லோரும் மடிக்கணினியில் வைஃபையை அணையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பென்டிரைவை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கோப்பைத் திறப்போம், எத்தனை சாம்பல் பெட்டி வருகிறதென்று பார்க்கலாம்.