முதிரை நிலையும் பனை வளையும்

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் உள்வேலையை முடித்துவிட்டு இப்போதுதான் கிளிநொச்சிக்குத் திரும்பியிருக்கிறேன். வீட்டுக்காரர் வன்னியில் வளர்ந்தவர். காசுக்குக் குறைவில்லை, ஆனால் பளிங்குத் தரை வேண்டாம் என்றார். "எங்கட பழைய விறாந்தையில இருக்கிற மாதிரி இருக்கவேணும்." சரி, அப்படியென்றால் சாமான்களை இங்கேதான் தேடவேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வளவில் முதிரை மரத்தில் செய்த கதவு நிலையும் இரட்டைக் கதவும் கிடைத்தன. ஒரு கதவில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு துளைத்த ஓட்டை. அதை அடைத்துவிடலாம் என்றார் ஓடாவியார் (தச்சர்). கதவைத் தந்த அம்மாவைப் பார்த்தேன். "அடைச்சா அது எங்கட கதவில்லையே, தம்பி" என்றார். சிராம்பை மட்டும் தேய்த்துவிட்டு ஓட்டையை அப்படியே விட்டோம். விறகு விலை பேசாமல், கதவுக்குரிய விலையைக் கொடுத்தோம். வீட்டுக்காரரும் அதைத்தான் விரும்பினார்.

வழமையாகப் படம் கீறிவிட்டுத்தான் மரம் வாங்குவோம். பழைய மரத்தில் அது சரிவராது. கதவை அளந்த பிறகே சுவர் எங்கே வரும் என்று தீர்மானித்தேன். முதிரை கிட்டத்தட்ட தண்ணீர் அளவு கனம். நிலை முழுதாக லிப்டுக்குள் போகவில்லை. நல்லவேளை, அந்தக் காலத்து ஓடாவிமார் மரமுளை அடித்துப் பொருத்தியிருந்தார்கள். முளையைத் தட்டிக் கழற்றி, மேலே கொண்டுபோய் மீண்டும் பூட்டினோம்.

ஒரு பிழையையும் சொல்லவேண்டும். முன்பொரு வேலையில் முதிரைப் பலகையை நேராகக் குளிரூட்டிய அறைக்குள் மேசையாகப் போட்டேன். மூன்று மாதத்தில் வெடித்துவிட்டது. ஏசி காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், மரம் சுருங்கும். இப்போது மரத்தை அதே அறையில், ஏசியைப் போட்டு, ஒரு மாதமாவது கிடக்கவிட்ட பிறகுதான் சீவுகிறேன். அதற்கு முதல் காந்தத்தை ஓடவிட்டு ஆணி, இரும்புத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூள் பிள்ளைகளுக்குக் கூடாது.

பனை வேறு மாதிரி. முதிரை போன்ற மரங்களுக்கு வைரம் (கெட்டியான பகுதி) உள்ளே, பனைக்கு வெளியே. நடுவில் சோற்றிதான். கூரையைத் தாங்கிய பழைய பனை வளைகளின் (மரங்களின்) கறுத்த வெளிப்பகுதியைக் கீலம் கீலமாக வாளால் அறுத்து, கூடத்துச் சுவர் ஒன்றுக்கு அடித்தோம். எண்ணெய் பூசியதும் கறுப்பில் செம்மஞ்சள் கோடு ஓடியது. அதைப் பார்த்து வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவில்லை. நிற்கிற பனையை இதற்காகத் தறிக்கமாட்டேன். போர்க்காலத்தில் பங்கருக்கென்று (பதுங்குகுழிக்கென்று) எத்தனை பனை போய்விட்டது.

கொழும்பில் இது புதுசும் இல்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையிலுள்ள தன் வீட்டிலேயே செட்டிநாட்டுப் பழைய தூண்களை நிறுத்தினார். நம்முடைய நிலைகளும் தரத்தில் குறைந்தவை அல்ல.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடு இடிப்பதென்றால் நிலையைக் கோடரியால் கொத்தாதீர்கள். முளையைத் தட்டிக் கழற்றி, கல்லு வைத்து, நிலம் முட்டாமல் நிழலில் படுக்கப் போடுங்கள். விற்பதாயிருந்தால், லொறியில் ஏற்ற முதல் அனுமதிப் பத்திரம் பற்றி வனத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.