பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கட்டும்: கொயரில் 11 வருடம்

எல்லோருக்கும் வணக்கம். இப்போதுதான் பிராக்டிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தேன். தொண்டை கொஞ்சம் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபைக் கொயரில், அதாவது சர்ச்சில் சேர்ந்து பாடும் குழுவில், 11 வருடமாக ஆல்ட்டோ பாடுகிறேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொயரில் நாலு குரல். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. ஆண்களில் டெனர், பாஸ். கூட்டமாகப் பாடுவது நமக்குப் புதிதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியற்காலையில் பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு போவாராம். ஆனால் பஜனையில் எல்லோருக்கும் ஒரே மெட்டு. கொயரில் மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவிடம் இருக்கும், மற்ற மூன்று குரலும் வேறு வேறு ஸ்வரத்தில் நின்று அதைத் தாங்கும். நான் சேர்ந்த புதிதில் ஆல்ட்டோ வரியை வீட்டில் தனியாகப் பாடிப் பழகுவேன். "என்னம்மா, பாட்டு ஒரே இடத்திலேயே நிக்குது?" என்று அம்மா கேட்டார்கள். உண்மைதான், தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. சனிக்கிழமை நாலு குரலும் சேர்ந்தபோதுதான் நான் ஏன் அந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கே புரிந்தது. அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது, இந்த வீடியோவே எதற்காகவோ அந்த விஷயத்துக்கு வருகிறேன். சில பாட்டுகளின் முடிவில் ஒரே ஸ்வரத்தை ரொம்ப நேரம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு ஆளின் மூச்சு அதற்குப் போதாது. எங்கள் கொயர் மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: "பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காதீர்கள். அவர் திரும்பி வந்த பிறகு நீங்கள் போங்கள். வரும்போது சத்தமில்லாமல் வந்து சேருங்கள்." அவ்வளவுதான். கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு ஒரே நீளமான குரல் கேட்கும். உள்ளே நாங்கள் ஒவ்வொருவராக விட்டு விட்டுச் சேர்ந்துகொண்டிருப்போம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா தவறிப்போனார்கள். இரண்டு மாதம் நான் பிராக்டிஸுக்குப் போகவில்லை. ஆல்ட்டோ வரிசையில் எனக்கு வலப்பக்கம் நிற்கும் அக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "நீ பாட வேண்டாம். வந்து நில்லு, போதும்" என்றார்கள். போனேன். மூன்றாவது சரணத்தில் குரல் உடைந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அக்கா மட்டும் கொஞ்சம் அழுத்திப் பாடினார்கள், இடப்பக்கம் நின்ற பெண்ணும் அப்படியே. ஆல்ட்டோ வரி அறுபடவில்லை. கடைசி வரிக்கு நான் மறுபடி சேர்ந்துகொண்டேன். எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், அவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் என்னை நிமிர வைத்தது அந்தச் சரணம்தான்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் 18 வயது மாணவர்களைப் பாட வைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. சேர்ந்து பாடும்போது அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. காரணம் மூச்சுதான். நீண்ட வரியைப் பாட மூச்சை மெதுவாக விடுகிறோம், அப்படி விடும்போது துடிப்பு தணிகிறது. எல்லோரும் ஒரே வரியில் மூச்சு விட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தணியும். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், பாட்டு, கைவினை, எழுத்து என்று புதிதாக வகுப்பில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாட்டு வகுப்பில் அது ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். கொயரில் முதல் கேள்வி "எந்தக் குரல்?" என்பதுதான். என் வரிசையில் ரிட்டயர்டு டீச்சர், தையல்கடை வைத்திருக்கும் அக்கா, கல்லூரியில் படிக்கும் பெண், எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பாடுகிறோம். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

"எனக்குப் பாட வராதே" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். எனக்கும் சுருதி நிற்க ஒரு வருடம் ஆனது. நன்றாகப் பாடுபவர் பக்கத்தில் நின்று, அவர் குரலைக் கேட்டுக்கொண்டே, உங்கள் குரல் அதில் மறையும் அளவுக்கு மெதுவாகப் பாடுங்கள். காது முதலில் பழகும், குரல் பின்னால் வரும். சர்ச்சுக்குப் போகாதவர்களுக்கும் இது உண்டு. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயர் தொடங்கி, பாரதியார் பாடல்களையே பல குரல்களில் பாட வைத்தார்.

சரி, எங்களுக்கு அடுத்த சனிக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுகளுக்கான பிராக்டிஸ் ஆரம்பம். பாஸில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். கனத்த குரல் உள்ள அண்ணன்மார், உங்கள் ஊர் கொயரிலும் இதே நிலைமையாகத்தான் இருக்கும். போய்க் கேட்டுப் பாருங்கள்.