ஊர்ப் பெயர் இல்லாத எறும்பு

அனைவருக்கும் வணக்கம்.

புதிய எறும்பு ஒன்று கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது, அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுதான். பெயர் வைப்பது அந்த வேலையில் ரொம்பச் சின்னப் பகுதி. மீதிப் பகுதியைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். அதிகம் தெரியாத ஓர் எறும்பை, நம் முகத்தையே பார்த்திராத ஒருவர், நாம் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். அப்படி எழுதி வைப்பதுதான் விவரிப்பு. அதில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆஸ்திரேலிய எறும்பின் கதை இருக்கிறது.

1931 டிசம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவில் பல்லடோனியா என்ற இடத்திலிருந்து ஒரு குழு தெற்குக் கடற்கரையை நோக்கிக் கிளம்பியது. வழியில் அகப்பட்ட பூச்சிகளை ஜாடிகளில் போட்டுக்கொண்டே போனார்கள். பயணம் முடிந்த பிறகு அவை ஏமி கிராக்கர் என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தன. பல்லடோனியாவில் வாழ்ந்த அவர் ஓவியர், இயற்கையைக் கூர்ந்து பார்ப்பவர். அவர் அவற்றை மெல்போர்ன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே இருந்த எறும்பு ஆய்வாளர் ஜான் கிளார்க், அந்தக் குவியலில் இருந்த இரண்டு வேலைக்கார எறும்புகளைப் பார்த்தார். 1934-ல் அவற்றுக்கு 'நோத்தோமிர்மீசியா மேக்ராப்ஸ்' என்று பெயர் கொடுத்து விவரித்தார். இனம் மட்டுமல்ல, இனத்துக்கு மேற்படியான பேரினமே புதிது.

வெறும் இரண்டு எறும்புகளை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு அவர் எப்படி வந்தார்? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

எறும்பைப் பார்த்ததும் நம் கண்ணில் படுவது நிறம். ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. கூட்டுப்புழுப் பருவம் முடிந்து அப்போதுதான் வெளியே வந்த எறும்பு வெளிறிக் கிடக்கும். நாளாக ஆகத்தான் அதன் நிறம் ஏறும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் பார்ப்பது இடுப்பை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே எறும்புக்குக் கணு உண்டு. சில எறும்புகளுக்கு ஒரு கணு, சிலவற்றுக்கு இரண்டு. மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். இந்த ஒரு கேள்வியிலேயே பெரிய பெரிய குழுக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும்.

கிளார்க் பார்த்த எறும்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், மஞ்சள் நிறம், பெரிய கண்கள், உள்விளிம்பு முழுக்கப் பற்கள் வைத்த நீண்ட தாடை. முகத்தை மட்டும் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் புல்டாக் எறும்புகளுக்குச் சொந்தம் என்று தோன்றும். ஆனால் புல்டாக் எறும்புகளுக்கு இடுப்பில் இரண்டு கணு. இதற்கு ஒன்றே ஒன்று. முகம் ஒரு குடும்பத்தைச் சொல்கிறது, இடுப்பு அதை மறுக்கிறது. அந்த முரண்பாட்டை மழுப்பாமல் அப்படியே எழுதிவைத்ததுதான் கிளார்க் செய்த நல்ல காரியம். பின்னாளில், 1951-ல், அவரே இதற்குப் பேரினங்களுக்கும் மேற்படியான துணைக்குடும்பம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார். 2003-ல் மரபணு ஆய்வு இதைப் புல்டாக் எறும்புகளோடு ஒரே துணைக்குடும்பத்தில் சேர்த்தது. ஆக, முகம் சொன்னதும் பொய்யில்லை.

இடுப்புக்கு அப்புறம் உணர்கொம்பு. அதில் எத்தனை துண்டுகள், நுனியில் தடித்திருக்கிறதா, எத்தனை துண்டுகள் சேர்ந்து அந்தத் தடிப்பு ஆகிறது என்று எண்ண வேண்டும். பிறகு தாடைப் பற்கள், முதுகில் முள் உண்டா, தலையின் மேல்பரப்பு வழவழப்பா வரிவரியா, முடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா படிந்து கிடக்கின்றனவா. இந்தக் கேள்விகளை இரண்டு இரண்டு தேர்வுகளாக அடுக்கி வைத்திருப்பதுதான் அடையாளத் திறவுகோல். ஒவ்வொரு படியிலும் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும்.

அளவுகளும் உண்டு. தலையின் அகலம், தலையின் நீளம், உணர்கொம்பின் முதல் துண்டான தண்டின் நீளம். தனித்தனி எண்களைவிட அவற்றின் விகிதம்தான் பேசும். தலை அகலத்தைத் தலை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஒரு குறியீட்டு எண் வரும். ஒரே கூட்டில் பெரிதும் சிறிதுமாக எறும்புகள் இருந்தாலும் இந்த எண் அவ்வளவாக ஆடாது. சிப்பாய் எறும்புகள், அதாவது பெருத்த தலையுள்ள பெரிய வேலைக்காரிகள், உள்ள இனங்களில் மட்டும் இதை நம்ப முடியாது; உடலைவிடத் தலை வேகமாகப் பெருத்துவிடும். அதனால் அங்கே சின்ன வேலைக்காரிக்கும் பெரிய வேலைக்காரிக்கும் தனித்தனியாக அளவு எழுத வேண்டும்.

பிடித்த எறும்பைச் சேகரிப்பில் வைக்கத் தாளில் ஒட்டுகிற விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எறும்பின் உடலில் ஊசியைக் குத்த மாட்டார்கள். முக்கோணமாக வெட்டிய கெட்டித் தாளின் கூர்முனையில் ஒரு பொட்டுப் பசை வைத்து, நடுக்காலும் பின்காலும் உடலோடு சேரும் இடத்துக்கு அடியில், வலப்பக்கமிருந்து ஒட்டுவார்கள். ஊசி தாளின் அகன்ற பக்கத்தில்தான் ஏறும். பசை கொஞ்சம் கூடினால் இடுப்பின் அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். அடுத்து வருபவர் பார்க்க வேண்டிய இடமே அதுதான். இவ்வளவும், இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் அதே எறும்பின் முகத்தையும் இடுப்பையும் தடையில்லாமல் பார்க்க வேண்டும் என்பதற்காக.

சாதிப் பிரிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலைக்காரி, ராணி, ஆண் மூன்றும் ஒரே கூட்டில் பிறந்திருந்தாலும் தோற்றத்தில் வேறு வேறு. டோரைலஸ் என்ற ஆப்பிரிக்கப் படை எறும்பின் ஆணுக்கு இறக்கையும் நீண்டு பருத்த வயிறும் உண்டு. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1764-ல் அதை எறும்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குளவிப் பேரினத்தில் சேர்த்துப் பெயர் வைத்தார். ஒரே இனத்தின் ஆணுக்கு ஒரு பெயர், வேலைக்காரிக்கு இன்னொரு பெயர் என்று வைத்து, பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரிந்து பெயரை நீக்குவது எறும்பியலில் அடிக்கடி நடந்திருக்கிறது. கூட்டோடு பிடித்தால் இந்தக் குழப்பம் வராது.

சரி, நம் எறும்புக்கு வருவோம். கிளார்க்கின் விவரிப்பில் உடல் தெளிவாக இருந்தது. இடம் இல்லை. ஒரு நீண்ட பயணத்தில் சேர்த்த எல்லாமே ஒன்றாகக் கலந்து வந்திருந்தன. எந்த முகாமில் பிடித்தது, பகலிலா இரவிலா, தரையிலா மரத்திலா என்று ஒரு துண்டுத் தாளும் அவற்றோடு இல்லை. எறும்புகளின் பரிணாமத்தில் மிகப் பழைய சாயல் உள்ள உயிர் இது என்பது தெரிந்ததும் பலர் தேடப் போனார்கள். 1955-ல் எறும்பு ஆய்வாளர்கள் எட்வர்ட் வில்சனும் கேரில் ஹாஸ்கின்ஸும் அந்தத் தெற்குக் கடற்கரையில் உள்ள எஸ்பரன்ஸ் பகுதிக்குப் போய்த் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின் போனவர்களுக்கும் கிடைக்கவில்லை.

1977 அக்டோபரில் கான்பெராவிலிருந்து எறும்பு ஆய்வாளர் ராபர்ட் டெய்லர் தலைமையில் ஒரு குழு அதே மேற்குப் பகுதியை நோக்கிப் புறப்பட்டது. வழியில், தெற்கு ஆஸ்திரேலியாவில் பூச்செரா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இரவு தங்கினார்கள். அவர்கள் தேடப் போன இடம் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். கடுமையான குளிர். பூச்சி தேடுகிற இரவே அல்ல. டெய்லர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாலீ யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நடந்தார். அங்கே ஒரு வேலைக்கார எறும்பு இருந்தது. நாற்பத்தாறு வருடத் தேடல் அங்கே முடிந்தது.

ஏன் அத்தனை பேருக்கும் தப்பியது என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. இந்த எறும்பு இருட்டிய பின்தான் வெளியே வரும், விடிவதற்குள் கூட்டுக்குத் திரும்பிவிடும். வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளில் சுறுசுறுப்பாக இரை தேடும். குளிரில் விறைத்து மெதுவாக நகரும் பூச்சிகளைப் பிடிப்பது அதற்கு எளிது. கூட்டமாகப் போகாது, ஒவ்வொன்றும் தனியாக மரமேறும். ஒரு கூட்டில் பெரும்பாலும் நூறுக்குள்தான் இருக்கும். கூட்டின் வாசல் சில மில்லிமீட்டர் அகலம், மேலே இலைச்சருகு, சுற்றிலும் மண்மேடு கிடையாது. வெயில் அடிக்கிற பகலில், தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இது அகப்படவே அகப்படாது. அந்த முதல் ஜாடியில் 'இரவு, குளிர், மரத்தின் மேல்' என்று யாராவது எழுதிப் போட்டிருந்தால் போதும்.

உயிரோடு கிடைத்ததும் விவரிப்பு வளர்ந்தது. ராணிக்கு இறக்கை உண்டு, ஆனால் பறக்க உதவாத குட்டை இறக்கை. உடலை உரசி மெல்லிய ஒலி எழுப்பும் உறுப்பு, அது இருக்கிற மற்ற எறும்புகளுக்கு வயிற்றின் மேல்பக்கத்தில் இருக்க, இதற்கு மட்டும் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பு. உரசும் வரிகள் அருங்காட்சியகத்தில் இருந்த எறும்பிலும் இருந்தவைதான். எறும்பைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

விவரித்தவர் கையிலிருந்த ஒரு மாதிரியை மூலவகை என்று குறித்து, சேகரிப்பு ஒன்றில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெயர் அந்த ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதைப் போய்ப் பார்க்கலாம். பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு அருகே 2003-ல் இலைச்சருகில் கிடைத்த ஒரேயொரு வேலைக்காரியை வைத்துத்தான் மார்ஷியாலிஸ் ஹியூரெக்கா என்ற எறும்பை 2008-ல் விவரித்தார்கள். கண்ணே இல்லாத, வெளிறிய, மண்ணுக்குள் வாழ்கிற எறும்பு. அதே இனத்தின் மாதிரிகள் சில வருடம் முன்பே கிடைத்து, வீணாகிப்போயிருந்தன. ஒற்றை உடல் மட்டுமே இருந்ததால், ஒரு காலிலிருந்து மட்டும் டி.என்.ஏ. எடுத்து, மீதியை முழுசாகக் காப்பாற்றினார்கள்.

உடலை மட்டும் பார்த்தால் போதாத இடங்களும் உண்டு. 'ஜாக் ஜம்பர்' என்று ஆஸ்திரேலியர்கள் சொல்லும் மிர்மீசியா பைலோசுலா வெகுகாலம் ஒரே இனமாக எண்ணப்பட்டது. குரோமோசோம்களை எண்ணியபோது கூட்டுக்குக் கூடு எண்ணிக்கை மாறியது. 1986-ல் வெளியான ஆய்வில், ஒரு கூட்டின் வேலைக்காரிகளுக்கு ஒரே ஒரு ஜோடிக் குரோமோசோம்தான் இருந்தது. ஆணுக்கு ஒன்றே ஒன்று. நோத்தோமிர்மீசியாவுக்கோ தொண்ணூற்றுக்கு மேல். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி உடலைப் பார்த்தபோதுதான் நுட்பமான வேறுபாடுகள் பிடிபட்டன. டெய்லர் 1991-ல் மிர்மீசியா கிராஸ்லண்டியைத் தனி இனமாக விவரித்தார்; அந்தக் கூட்டத்திலிருந்து மேலும் சில இனங்களை 2015-ல் பிரித்து எழுதினார்.

இப்போது உலகில் பெயர் பெற்ற எறும்பு இனங்கள் பதினாலாயிரத்துக்கு மேல். இன்னும் பெயரில்லாதவை அருங்காட்சியக இழுப்பறைகளிலேயே நிறையக் காத்திருக்கின்றன. இங்கே இருக்கிற இளைஞர்களில் சிலர் எறும்பைப் படம் எடுக்கிறீர்கள், சிலர் பிடிக்கவும் செய்கிறீர்கள். படம் எடுத்தால் முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் இடுப்பு தெரிய ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுங்கள். அனுமதி பெற்றுப் பிடித்தால் ஒரே கூட்டிலிருந்து சில வேலைக்காரிகளை எடுத்து, ஆல்கஹால் ஊற்றிய ஒரே புட்டியில் வையுங்கள். வேறு கூட்டு எறும்பை அதில் கலக்காதீர்கள். இடம், ஆயத்தொலை (அட்சரேகை, தீர்க்கரேகை), உயரம், தேதி, மணி, யார் பிடித்தது, எதன் மேல் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைக்காதீர்கள். பென்சிலில் எழுதுங்கள், சாதாரணப் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அந்தத் தாளைப் புட்டிக்கு வெளியே ஒட்டாமல், எறும்போடு உள்ளேயே போட்டு மூடுங்கள்.