ஊமை கண்ட கனவும் இரண்டு வரித் தமிழும்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நேற்று இரவே ஆள் அனுப்பித் திரை கட்டிக்கொடுத்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எந்தக் கூட்டமானாலும் முதல் வரிசையில் வந்து அமர்ந்துவிடும் பேரூராட்சி முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நூலகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்களின் காதலைப் பற்றிய ஒரு படம் குறித்துப் பேசலாமா என்று கேட்டபோது அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நல்ல படமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பேசுங்க. நம்ம அலமாரியில எல்லாக் காதலும்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்னொரு முறை வணங்குகிறேன், அம்மா.

படத்தின் பெயர் 'ஹேப்பி டுகெதர்'. வோங் கார்-வாய் இயக்கியது, 1997. அந்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஹாங்காங் இயக்குநர் அவர். அழைப்பிதழில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள்: ஊர்விட்டுப் போனவர்களின் காதல், கிறிஸ்டோபர் டாயிலின் ஒளிப்பதிவு, 1997-இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் கைமாறிய கதை. மூன்றையும் தொடப் பார்க்கிறேன். ஆனால் நான் வந்த காரியம் இன்னொன்று: உலகப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும் என்பது.

என் பாட்டி ஒரு பழமொழி சொல்வார்: ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்வான்? எனக்கு இது ரொம்பப் பிடித்த பழமொழி. இன்று அது நடுநடுவே வந்துகொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை சின்னதுதான். லாய் யியு-ஃபாய், ஹோ போ-விங் என்று இரண்டு பேர். லாயாக டோனி லியுங், ஹோவாக லெஸ்லி சியுங். ஹாங்காங்கிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போகிறார்கள். உலக உருண்டையில் ஹாங்காங்கில் ஓர் ஊசியைக் குத்தினால் மறுபக்கம் ஏறக்குறைய அங்கேதான் வெளியே வரும். பதினொரு மணி நேர வித்தியாசம். ஹாங்காங்கில் விடியும்போது அங்கே பொழுது சாயும். படத்தில் ஓரிடத்தில் ஹாங்காங்கின் கட்டடங்களைத் தலைகீழாகவே காட்டுகிறார்கள். இருவருக்கும் இக்வாசு அருவியைப் பார்க்க ஆசை. அதன் படம் போட்ட ஒரு மேசை விளக்கு அவர்களிடம் இருக்கிறது. காரில் கிளம்பி, வழி தவறி, சண்டை போட்டு, நடுரோட்டில் பிரிந்துவிடுகிறார்கள்.

அப்புறம் லாய் தலைநகர் புவெனஸ் அய்ரெஸில் ஒரு டாங்கோ நடன மதுக்கூடத்தின் வாசலில் நின்று சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் வேலை பார்க்கிறான். அதே வாசலில் ஹோ வேறு ஆண்களோடு காரில் வந்து இறங்குகிறான். பிறகு ஒரு நாள் அடிபட்டு, ரத்தத்தோடு லாயின் அறைக் கதவில் வந்து நிற்கிறான். இரண்டு கையிலும் கட்டு. லாய் ஊட்டிவிடுகிறான், உடம்பு துடைத்துவிடுகிறான். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் சோபாவில் படுத்துக்கொள்கிறான். ஹோவின் பாஸ்போர்ட்டையும் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறான். அன்பும் பிடிவாதமும் ஒரே கையில் இருப்பதைக் காட்ட எனக்கு இதைவிட நல்ல காட்சி தெரியாது. ஹோவின் கை சரியாகிவிடக் கூடாதே என்று லாய் ஏங்கியதை அவனே பின்னால் ஒப்புக்கொள்கிறான். அந்த நாட்கள்தான் அவனுக்குச் சந்தோஷமான நாட்கள்.

பிரியும்போதெல்லாம் ஹோ திரும்பி வந்து ஒரே வசனத்தைச் சொல்கிறான். படமே அந்த வசனத்தில்தான் தொங்குகிறது. ஆங்கிலத்தில் "மீண்டும் தொடங்கலாம்" என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பேசும் ஹாங்காங் மொழியான காண்டனீஸில் அந்தச் சொல் "தலையிலிருந்து" என்பது போல அமைந்திருக்கிறது. நாம் தலையிலிருந்து வருவோமா? அதில் "நாம்" என்று ஒரு சொல் இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிப்பதிவுக்கு வருகிறேன். தொடக்கம் கறுப்பு வெள்ளை. பிறகு மஞ்சளும் பச்சையுமாக, பழைய குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போன்ற நிறம். இதைப் பேச ஒரு தனிக் கூட்டம் வேண்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்று எனக்கு முக்கியமானவன் மூன்றாவதாக வரும் பையன். சாங் என்கிற தைவான் இளைஞன், சீன உணவகத்தின் சமையலறையில் லாயோடு வேலை பார்க்கிறவன். நடித்தவர் சாங் சென். அவனுக்குக் காது கூர்மை. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொள்ளலாம், குரலை ஏமாற்ற முடியாது என்பது அவன் கட்சி. ஊர் கிளம்பும்போது லாயிடம் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொடுத்து, உன் வருத்தத்தை இதில் சொல், உலகத்தின் தென்கோடியில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்கிறான். லாய் அதை முகத்தருகே பிடித்துக்கொள்கிறான். பேச்சு வரவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது. அந்தத் தென்கோடி ஊரான உஷுவாயாவுக்குப் போய்ச் சாங் போட்டுக் கேட்டால், யாரோ தேம்புவது போன்ற சத்தம் மட்டும்தான் இருக்கிறது. ஊமை கண்ட கனவு.

சரி, இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

2009-இல் நானும் நான்கு நண்பர்களும் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இந்தப் படத்தைத் திரையிட்டோம். டிவிடி. புரொஜெக்டர் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து இரவல். திரைக்கு எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தோம். வந்தவர்கள் பத்தொன்பது பேர். கீழே மறுநாள் முகூர்த்தத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரம் மாடி வரை வந்து, படம் தொடங்கும் முன்பே எங்கள் கண் எரிந்தது.

பாதிப் படத்தில் சமையற்கார அண்ணன் மேலே வந்தார். மாடி அறையில் இருந்த அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் எடுக்க வந்தவர். அப்போது திரையில் லாய்க்குக் காய்ச்சல். ஹோதான் குளிரில் நடக்கலாம் என்று இழுத்துப்போய் இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன். இப்போது அவனே வந்து, பசிக்கிறது, சமைத்துக் கொடு என்கிறான். நீ மனுஷனா, காய்ச்சல்காரனைச் சமைக்கச் சொல்கிறாயே என்று லாய் கத்துகிறான். அடுத்த காட்சியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிறான்.

அண்ணன் கரண்டியோடு நின்றுவிட்டார். "இவன் என்ன கேட்டான்?" என்றார். பக்கத்தில் இருந்த பொறியியல் கல்லூரித் தம்பி சொன்னான். அண்ணன் சிரித்தார். பிறகு, "அப்புறம் என்ன சொல்றான்?" இப்படியே அந்தத் தம்பி ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். முதலில் காதோடு சொன்னான். நாலு பேர் "சத்தமா சொல்லுப்பா" என்றதும் உரக்கச் சொன்னான். வெங்காயம் உரித்த இரண்டு அம்மாக்களும் மேலே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அரிவாள்மனை கீழே, அவர்கள் மேலே. ஹோவின் அந்த வசனத்தைத் தம்பி "மறுபடியும் ஸ்டார்ட் பண்ணலாங்கிறான்" என்றபோது அண்ணன், "பழைய குருடி கதவைத் திறடிதான்" என்றார். மாடியே சிரித்தது.

டேப் ரெக்கார்டர் காட்சியில் தம்பி சும்மா இருந்தான். "சொல்லு தம்பி" என்றார் அண்ணன். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லண்ணே, அழுறான்" என்றான்.

படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். அண்ணன் போகவில்லை. ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் உணவகச் சமையலறையில் இருந்தவராம். "அப்பெல்லாம் போன் பேசக் காசு ஏது சார், கேசட்லதான் பேசி அனுப்புவோம். ரூம்ல எட்டுப் பேரு. அழுதா எல்லாருக்கும் தெரியும். அதனால பாத்ரூம்ல உக்காந்து பேசுவோம். ஒரு தடவ ஒரு பக்கம் முழுக்க ஓடிப்போச்சு, ஒரு வார்த்தை வரல. அப்படியே அனுப்பிட்டேன். எங்கம்மா அதை ரெண்டு தடவ போட்டுக் கேட்டுட்டு, எம்புள்ள அழுதிருக்கான்னு சொல்லுச்சாம்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்க ரூம்லயும் ரெண்டு பேரு இருந்தானுங்க சார். நாங்க கேக்கல, அவனுங்களும் சொல்லல. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன் வேலைக்குப் போவமாட்டான். ஊருக்கு வந்தப்ப ஒருத்தனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. மத்தவன் திரும்பி வந்து அந்தக் கட்டில்ல வேற ஆளப் படுக்கவிடல." கரண்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

நண்பர்களே, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாக்களையும் அண்ணனையும் பதினாறு வருஷமாக நான் மறக்கவில்லை. அந்தத் தம்பி அன்றைக்கு வராமல் போயிருந்தால் அந்தப் படம் அவர்களுக்கு ஊமை கண்ட கனவுதான். பேச முடியாதவன் மட்டுமல்ல, மொழி புரியாமல் பார்க்கிறவனும் ஊமையாகித்தான் நிற்கிறான். அதனால்தான் எங்கே மேடை கிடைத்தாலும் இதைச் சொல்கிறேன்: உலகப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும். டப்பிங் வேண்டாம். சாங் சொன்னதுதான் காரணம், குரல் பொய் சொல்லாது. டோனி லியுங்கின் குரல் அப்படியே இருக்கட்டும், கீழே இரண்டு வரித் தமிழ் ஓடட்டும்.

குரல் எவ்வளவு எளிதாகப் போய்விடும் என்பதற்கும் இந்தப் படமே சாட்சி. 2019-இல் இதைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது ஒரு தீ விபத்தில் மூல நெகட்டிவின் ஒரு பகுதி எரிந்துபோனது. படம் மட்டுமல்ல, அந்த ரீல்களின் ஒலியும் போனது. லாயின் தனிப்பேச்சுகள் சிலவற்றை இயக்குநரே குறைக்க வேண்டியதாயிற்று. லெஸ்லி சியுங்கும் 2003 ஏப்ரல் 1-இல் போய்விட்டார். இருக்கிற குரலையாவது நாம் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டாமா?

தமிழில் எழுதும்போது ஆங்கிலம் மறைத்துவிட்ட பலதும் வெளியே வரும். இந்த இருவரும் "நீ" என்றா பேசுவார்கள், "டா" போடுவார்களா? சண்டையில் "டா" வந்தால் கொஞ்சலில் என்ன வரும்? ஹோவின் வசனத்தில் "நாம்" இருக்கிறது என்றேனே. நமக்கு "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டால்தான் "நாம்". கடைசியில் லாய் தனியாக இக்வாசுவுக்குப் போய், அருவியின் சாரலில் நனைந்துகொண்டு நிற்கிறான். இங்கே நிற்க வேண்டியவர்கள் இரண்டு பேர் என்றே எப்போதும் நினைத்திருந்தேன் என்கிறான். "இரண்டு பேர்" என்கிறான், "நாம்" போய்விட்டது. முன்னால் அந்த "நாம்" ஒழுங்காக வந்திருந்தால்தான் இங்கே அது இல்லாதது நெஞ்சில் இடிக்கும். தமிழில் இதைச் சொல்லாமலே காட்டிவிடலாம்.

இவர்களைக் குறிக்கவும் நமக்குச் சொல் உண்டு. தன்பாலீர்ப்பு என்கிறோம். 2018-இல் உச்ச நீதிமன்றம், அதைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவிலிருந்து இந்த உறவை விடுவித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. கேலிச் சொல் போட்டு எழுத இனி யாருக்கும் சாக்கு இல்லை. அந்தச் சொற்கள் அரசிதழிலேயே கிடந்தால் போதாது. திரையின் அடியில், ஓர் அம்மா வாசிக்கும் இடத்தில் வர வேண்டும். மகன் எதையோ சொல்லத் தெரியாமல் நிற்கிற வீட்டில் அந்த இரண்டு வரி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

ஹாங்காங் கைமாறியதைப் பற்றி ஒரு வார்த்தை. படம் அங்கே வெளியாகி ஒரு மாதத்தில், 1997 ஜூலை 1 அன்று, ஊர் சீனாவிடம் போனது. படத்தின் முதல் காட்சியே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதுதான். தைவானின் தைபேயில் விழித்தெழும் லாய் தொலைக்காட்சியில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் இறந்த செய்தியைப் பார்க்கிறான். நேரமாகிவிட்டது, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன்.

இந்தப் படத்துக்கு நாமே தமிழ் சப்டைட்டில் எழுதிவிடலாம். வணிகர் சங்கச் செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழையதானாலும் பரவாயில்லை, இந்த நூலக மாடிக்கு ஒரு கணினி. தலைமையாசிரியை அவர்களிடம்: தமிழ் நன்றாக எழுதும் மாணவிகள் நான்கு பேர். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்துதான். வரிசை எண், எந்த வினாடியில் தோன்றி எந்த வினாடியில் மறைய வேண்டும், கீழே வசனம், அவ்வளவுதான். நோட்பேடில் அடித்து ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், சேமித்தால் ஓடும். கஷ்டம் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. ஒரு வசனம் அதிகம் போனால் ஆறேழு வினாடி நிற்கும், இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நம் சொற்களோ நீளம். வெட்டவும் வேண்டும், உயிரும் போகக் கூடாது. படத்தின் உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதி அனுமதி வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மாடியில் உட்காருகிறோம். முதல் வேலை ஹோவின் அந்த வசனம். "முதல்லேருந்து வருவோமா" என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், "திரும்ப ஆரம்பிப்போம் வா" என்று இன்னொருவர். எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ் போதுமா, ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் தேய்ந்துபோய் வர வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அந்தச் சமையற்கார அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.