பெல்மோந்தோவின் புகழுக்குக் காரணம் சாகசமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு நடிகர் ழான்-போல் பெல்மோந்தோவின் புகழுக்குக் காரணம் கலைப்படங்களா, சாகசப் படங்களா என்பது தலைப்பு. சாகசமே என்று வாதிட வந்திருக்கிறேன். 1960இல் இயக்குநர் கொதாரின் 'பிரெத்லெஸ்' என்ற கலைப்படம் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியதை நான் மறுக்கவில்லை. பெண் பார்த்துக் கொடுத்த தரகரே குடும்பத்தையும் நடத்தினார் என்று எதிரணி சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

எதிரணித் தலைவர், "ஹெலிகாப்டரில் தொங்குவது நடிப்பென்றால் மாடிக்கு வெள்ளையடிப்பவருக்கும் விருது கொடுக்கலாமே" என்று கேலி பேசினார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் 1975இல் ஆன்றி வெர்னுய் இயக்கிய காவல்துறைப் படத்தை அவர் பார்த்திருந்தால் அந்த வாய் திறந்திருக்காது. ஓடும் பாரிஸ் மெட்ரோ ரயிலின் கூரைமேல் நாற்பதைக் கடந்த பெல்மோந்தோ தாமே ஏறி நிற்கிறார். அதே படத்தில் ஹெலிகாப்டரில் தொங்குவதும் அவரேதான். டூப் போட்டால் காமிரா முதுகைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வேண்டும். டூப் இல்லாததால்தான் அது அவருடைய முகத்தை நெருங்க முடிந்தது. முகம் தெரியும்போது அது நடிப்பில்லாமல் வேறென்ன, ஐயா?

விருதைப் பற்றி அவரே பேசிவிட்டதால் விருதுக்கே வருகிறேன். 1989இல் இயக்குநர் குளோட் லெலூஷின் படத்துக்காகப் பெல்மோந்தோவுக்குச் சிறந்த நடிகருக்கான செசார் விருது, அதாவது பிரெஞ்சுத் திரையுலகின் உயரிய விருது, அறிவிக்கப்பட்டது. எதிரணியின் துருப்புச்சீட்டு இதுதான். சரி, விருதை வாங்கினாரா? வாங்கவில்லை. சம்பளத் தகராறா? இல்லை. அரசியலா? அதுவும் இல்லை. அந்த விருதுச் சிலையை வடித்தவர் செசார் என்னும் சிற்பி. பெல்மோந்தோவின் தந்தையும் ஒரு சிற்பிதான். தம் தந்தையின் கலையைச் செசார் ஒருகாலத்தில் இழித்துப் பேசினார் என்பதே மகனின் மனக்குறை. அப்பாவைப் பழித்த கை செய்த சிலை என் வீட்டு அலமாரியில் நிற்பதா என்ற ரோஷம்! திரையுலகமே கூடிக் கொடுத்தும் வேண்டாம் என்றார். அவரே வேண்டாமென்று ஒதுக்கியதை எதிரணி இங்கே சான்றாக நீட்டுகிறது, நடுவர் அவர்களே.

தந்தை 1982இல் மறைந்தார். 2001இல் பெல்மோந்தோவைப் பக்கவாதம் வீழ்த்தியது. ரயில்மேல் ஓடிய கால்கள் தளர்ந்தன. அப்படியும் தந்தையின் சிற்பங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று நின்றார். 2010இல் பாரிஸை அடுத்த பூலோன்-பியான்கூரில் அது திறக்கப்பட்டது. பெற்றவர் பெயரை நிலைநாட்டிய அந்த மகனை நினைத்தால் எனக்கு வாதமே மறந்துபோகிறது; அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

2021 செப்டம்பரில் அவர் மறைந்தபோது பாரிஸில் அன்வலித் என்னும் ராணுவ நினைவு வளாகத்தில் தேசிய அஞ்சலி நடந்தது. அங்கே சவப்பெட்டியை வழியனுப்ப வாசிக்கப்பட்டது இத்தாலிய இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் 'கி மாய்'. 1981இல் வந்த 'லெ புரொஃபெஸியோனெல்' என்ற அதிரடிப் படத்தின் வழியாக பிரான்ஸ் நெஞ்சில் ஏற்றிக்கொண்ட இசை அது. அவரை எந்தப் படத்தின் இசையோடு அனுப்பிவைப்பது என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. தீர்ப்பு நடுவருடையது. நன்றி, வணக்கம்.