நரம்பு அல்ல, புழு

அவையோருக்கு வணக்கம்.

குடிதண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் கினிப்புழு நோய்க்குத் தமிழில் நரம்புச் சிலந்தி என்று பெயர், ராஜஸ்தானில் நாரு. புண்ணிலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று வெளியே வருவதைப் பார்த்தவர்கள் அதை நரம்பு என்றே நம்பினார்கள். நைஜீரியாவின் யோருபா மக்களிடமும், அது பிறவியிலேயே உடம்பில் இருப்பது என்ற எண்ணம் இருந்தது. அறியாமை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீர் குடித்த நாளுக்கும் புழு தலைகாட்டும் நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடுகிறது. போன கோடையில் குடித்த தண்ணீரையும் இந்தக் கோடையில் வந்த கொப்புளத்தையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்?

ஒரு படிக்கிணற்றை நினைத்துப் பாருங்கள். குடத்தோடு ஒரு பெண் படியிறங்கி, முழங்கால் நனைய நின்று மொள்கிறாள். கணுக்காலில் கொப்புளம், நெருப்பாய் எரிகிறது. தண்ணீர் பட்டதும் எரிச்சல் தணிகிறது, அவளுக்கு நிம்மதி. அந்த நொடியில்தான் கொப்புளம் உடைந்து, உள்ளே இருக்கும் பெண்புழு லட்சக்கணக்கில் குஞ்சுப்புழுக்களைத் தண்ணீரில் விடுகிறது. சைக்ளாப்ஸ் என்ற நீர்ப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. இரண்டு வாரம் போனால் அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடிக்கிற எவருக்கும் நோய் தொற்றலாம்.

கலங்கல் தண்ணீர்தான் கெட்டது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. தெளிந்த நீரிலும் சைக்ளாப்ஸ் இருக்கும். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தால், வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடுவது தெரியும். பக்கத்திலேயே அடிபம்பு போட்டுக் கொடுத்தாலும், அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தால் மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்பிவிடுவார்கள். நாக்கின் பழக்கம் லேசில் மாறாது.

இதற்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. வெளியே வந்த நுனியைச் சிறு குச்சியிலோ பஞ்சுத் துணியிலோ சுற்றி, தினமும் சில சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். புழு ஒரு மீட்டர் வரை நீளும், ஆகவே வாரக்கணக்கில் ஆகும். பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அறுந்த துண்டு உள்ளே தங்கி, கால் வீங்கிச் சீழ் பிடிக்கும்.

தடுப்பதற்குத் தண்ணீரைத் துணியால் வடிகட்டினாலே போதும். ஆனால் அங்கேயும் கைப்பழக்கம் குறுக்கே வரும். துணியில் நேற்று மேலே இருந்த பக்கத்தை இன்று கீழே வைத்துக் கட்டினால், ஒட்டியிருந்த பூச்சி நேரே குடத்துக்குள் விழும். அதனால் ஒரு பக்கத்தில் நூலால் அடையாளம் தைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்தால் துணியை மாற்றுங்கள். வீட்டில் ஒழுங்காக வடிகட்டுகிறவரும் வயல்வேலையில் தாகமெடுத்தால் குட்டையில் அப்படியே கையால் அள்ளிக் குடிப்பார். அதற்காகத்தான் சூடானில் உறிஞ்சிக் குடிக்க வலைவைத்த குழாய்களைக் கழுத்தில் தொங்கவிடும்படி கொடுத்தார்கள்.

குளத்து நீரில் கலந்து சைக்ளாப்ஸைக் கொல்ல டெமிஃபாஸ் என்ற மருந்தும் உண்டு. 50 சதவீதக் கரைசல் என்றால் 1,000 லிட்டருக்கு 2 மில்லி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆழத்தைக் குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டால் அளவு பற்றாது, பூச்சி தப்பிவிடும். குளத்தில் விஷம் கலக்கிறார்கள் என்று ஊர் மறித்தால் மறுபடி உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த நோய் 1984-லேயே நின்றது. படிக்கிணறுகளை மூடியும், இறங்க முடியாதபடி இறைக்கும் கிணறாக மாற்றியும் வந்ததில், இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேரைப் பிடித்திருந்த நோய், 2023-ல் 14 பேரிடம் மட்டுமே தெரிந்தது.

இப்போது சாட் நாட்டில் நாய்களின் காலிலிருந்தும் இந்தப் புழு வெளியே வருகிறது. நாய் தின்று தொற்று வாங்காதபடி மீன் குடலை வெளியே வீசாமல் குழிதோண்டிப் புதைக்கும்படியும், புழு வந்த நாயைக் குளத்துப் பக்கம் போகவிடாமல் கட்டிப்போடும்படியும் அங்கே வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.